ஸ்கேல் என்னண்ணே?

ஆர்கெஸ்ட்ரா மேடையில ஏறி நின்னதும் யாரும் "என்ன பாட்டு?"ன்னு கேட்க மாட்டாங்க. பாட்டு லிஸ்ட் எல்லார் கையிலயும் இருக்கும். "ஸ்கேல் என்னண்ணே?"ன்னுதான் கேட்பாங்க. பாடுறவர் ரெண்டு விரலைக் காட்டுவார். அல்லது அஞ்சு விரலைக் காட்டி, சுண்டு விரலைப் பாதி மடக்குவார். உடனே கிட்டார்க்காரர் கை நகரும், நான் கீபோர்டில் ஒரு பட்டனைத் தொடுவேன், ட்ரம்ஸ் அண்ணன் குச்சியைத் தட்டுவார். இதெல்லாம் மூணு செகண்டில் நடக்கும். முதல் தடவை பார்த்தப்போ ஏதோ கிரிக்கெட் சிக்னல்னு நினைச்சேன்.

இந்த இதழின் ஆசிரியர் குழு என்னிடம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றித்தான் கட்டுரை கேட்டாங்க. அதை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் படிச்சுக்கலாம். ரெண்டு வருஷமா ஒரகடம், வல்லம் வடகால், வல்லக்கோட்டை பக்கம் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆயுத பூஜைன்னு வாசிச்சதில் கத்துக்கிட்டதை எழுதுறேன்னு சொன்னேன். நம்ம சிலபஸுக்கு வெளியே இல்லை இது. ஃப்ரீக்வென்சி, எர்த்திங், பவர் சிஸ்டம் எல்லாம் வரும். என் தமிழ் ஆங்கில மீடியம் தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த விரல்கள்.

நம்ம ஊர்ல சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வாங்க. ஹார்மோனியத்தில் ஒரு சாவிக்குப் பேர் கட்டை. 'ஸி' என்கிற வெள்ளைச் சாவி ஒரு கட்டை. அதுக்கடுத்த கருப்பு ஒன்றரை. 'டி' ரெண்டு, அடுத்த கருப்பு ரெண்டரை, 'ஈ' மூணு. 'ஈ'க்கும் 'எஃப்'க்கும் நடுவில் கருப்புச் சாவி கிடையாது, அதனால மூன்றரைன்னு ஒண்ணு இல்லை, நேரா நாலு. பிறகு நாலரை, அஞ்சு, அஞ்சரை, ஆறு, ஆறரை, ஏழு. மொத்தம் 12. ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டுக்குள்ள நிக்கும், பெண் குரல்கள் அஞ்சு, அஞ்சரை பக்கம். யூட்யூபில் வெஸ்டர்ன் தியரி மட்டும் படிச்சுட்டு மேடை ஏறினா இந்த மொழி புரியாது. நான் ஏறினப்போ புரியல. "அண்ணே, அஞ்சுன்னா அஞ்சாவது கார்டா?"ன்னு கேட்டேன். ட்ரம்ஸ் அண்ணன் சிரிச்ச சிரிப்பு மைக்கில் போயிருச்சு.

கணக்கா பார்த்தா ஒவ்வொரு சாவிக்கும் அடுத்த சாவிக்கும் உள்ள விகிதம் 2-இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.0595. ஒரு சாவி ஏறினால் ஃப்ரீக்வென்சி கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறும். 12 சாவி ஏறினால் இரண்டு மடங்கு. நடு 'ஸி' 261.6 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல 'ஏ' 440. இந்த 6 சதவீதத்தை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும். ஒரு சாவிக்கும் அடுத்த சாவிக்கும் உள்ள தூரம் பேச்சு வழக்கில் அரைக் கட்டை என்பதையும்.

இனி என்னுடைய கேவலமான ராத்திரி.

ஒரு உதிரிபாக கம்பெனி, ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு. கேன்டீன் பக்கத்தில் மேடை. ஏ ஷிப்ட் முடிச்சவங்க குளிச்சு நல்ல சட்டை போட்டு வந்திருந்தாங்க, பி ஷிப்டுக்காரங்க யூனிஃபார்மிலேயே நின்னாங்க. மூணாவது பாட்டில் பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது, "அரைக் கட்டை இறக்கு"ன்னு சைகை காட்டினார். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு. மைனஸ் ஒண்ணுன்னு அமுக்கினா போதும், விரல் பழைய இடத்திலேயே வாசிக்கும், சத்தம் ஒரு சாவி கீழே வரும். அமுக்கினேன். பாட்டு முடிஞ்சது. கை தட்டினாங்க. பட்டனைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர மறந்துட்டேன்.

அடுத்த பாட்டு அஞ்சு கட்டை. முன்னிசை முழுக்க நான் தனியா வாசிக்கணும். என் விரல் அஞ்சில், ஸ்பீக்கரில் வந்ததோ நாலரை. பாடகி என் சுருதியைப் பிடிச்சு நாலரையில் பாட ஆரம்பிச்சாங்க. சரியா அந்த இடத்தில் கிட்டாரும் பேஸும் அஞ்சில் உள்ளே வந்தது. அரைக் கட்டை வித்தியாசத்தில் ரெண்டு சுருதி ஒண்ணா ஒலிச்சா எப்படி இருக்கும்னு தெரியணும்னா, பக்கத்துப் பக்கத்துச் சாவி ரெண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பாருங்க. அந்தச் சத்தம் பத்தாயிரம் வாட்ஸில்.

நான் பயந்து போய்ப் பட்டனைத் தேடினேன். கை மேல ஒரு அடி விழுந்தது. எங்க குழுவில் சைடு ரிதம் வாசிக்கிற பெரியவர், நாங்க மாஸ்டர்னு கூப்பிடுவோம், தாம்பூரின் வச்சிருந்த கையாலேயே தட்டிட்டார். அப்புறம் கிட்டார் அண்ணன் பக்கம் திரும்பி ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். கிட்டாரும் பேஸும் ஒரு ஃப்ரெட் இறங்கினாங்க. பாட்டு நேரானது. எல்லாம் நாலு பார் நேரத்துக்குள்ள.

ஏன் என்னைத் தடுத்தார்னு பிரேக்கில் சொன்னார். "அந்தப் பொண்ணு உன் சுருதியைப் பிடிச்சிருச்சுடா. இப்ப நீ மாத்தினா அவளும் தடுமாறுவா. குரல் எங்க நிக்குதோ அங்கதான் நாம போகணும். தப்பு யாருதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்." எந்த கீபோர்டு டுடோரியலிலும் இதைக் கேட்டதில்லை. இன்னொண்ணும் சொன்னார்: "எங்க காலத்துல பட்டன் கிடையாது. பன்னெண்டு சுருதியும் விரல்ல இருக்கணும்." அவர் முன்னாடி அக்கார்டியன் வாசிச்சவர்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. ரெண்டு வருஷம் பக்கத்தில் நின்னு வாசிச்சிருக்கேன், கேட்டதே இல்லை.

கொஞ்சம் வரலாறு சொல்றேன். 1960-களிலும் 70-களிலும் ஒரு மெல்லிசைக் குழுன்னா மேடையில் பதினஞ்சு பேருக்குக் குறையாது. வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், ட்ரம்பெட், கிட்டார், தபேலா, டோலக், பாங்கோஸ், தும்பா. எம்.எஸ்.விஸ்வநாதன் – ராமமூர்த்திக்கு மெல்லிசை மன்னர்கள்னு பட்டம் கிடைச்சது 1963-இல். அவங்க ரெக்கார்டிங்கில் கேட்ட சத்தத்தை ஊர் ஊரா மேடையில் கொடுக்கிறதுதான் இந்தக் குழுக்களின் வேலை. எம்.எஸ்.வி. பாட்டில் அக்கார்டியன் மங்களமூர்த்தியும் ட்ரம்ஸ் நோயல் கிராண்டும் செய்ததை, இங்கே ஒருத்தர் டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதி எடுத்து வாசிப்பார். நோட்டேஷன் புக் யாரும் விக்கல. சென்னையில் ஏ.வி.ரமணனின் மியூசியானோ மாதிரி பெரிய பேர் வாங்கின குழுக்கள் இருந்தன. பேர் வாங்காத குழு ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்தது. மாஸ்டரோட குழு அந்த ரகம்.

1983-இல் மிடி என்கிற தரமுறை வந்தது. எந்தக் கம்பெனி கீபோர்டும் எந்தக் கம்பெனி மெஷினோடவும் பேசலாம். 1985-இல் ரோலண்ட் ஆக்டாபேட் வந்தது. எட்டு ரப்பர் கட்டம், குச்சியால் அடிச்சா எந்தத் தோல் வாத்தியச் சத்தம் வேணுமோ அது வரும். நம்ம ஊர் மேடைகளுக்கு அது மெதுவாத்தான் வந்து சேர்ந்தது. வந்தப்புறம் தபேலா, டோலக், பாங்கோஸ், தும்பா நாலு பேர் வேலையை ஒரு பேட் ஆள் செய்தார். வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன் மூணையும் கீபோர்டு சாப்பிட்டது. பதினஞ்சு பேர் ஆறு பேர் ஆனாங்க. நான் வாசிக்கிற வாத்தியம்தான் மாஸ்டரைத் தாம்பூரினுக்குத் தள்ளியதுன்னு புரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவர் அதைப் பத்திக் கோபமாப் பேசினதே இல்லை. "அக்கார்டியன் பத்து கிலோடா, பஸ்ல தூக்கிட்டுப் போய்ப் பாரு"ம்பார்.

இப்போ எங்க ஆறு பேருக்கும் அதே கதை. மைனஸ் ட்ராக் போட்டு, லேப்டாப்பும் ரெண்டு பாடகரும் வந்தா ரிசப்ஷன் முடிஞ்சது. கல்யாண வீட்டுக்காரர் எங்ககிட்ட முதல்ல கேட்கிறதே, "ட்ராக்ல பண்ணா எவ்ளோ கம்மியாகும்?" 2020 லாக்டவுனில் திருவிழாவே இல்லாமல் போனப்போ தமிழ்நாடு முழுக்க மேடைக் கலைஞர்கள் வேற வேலைக்குப் போனாங்க. எங்க பேஸ் அண்ணன் இந்த காரிடாரில் ஒரு பிளான்ட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தது அப்போதான். இன்னும் அங்கேதான் இருக்கார். அதனால எங்க கச்சேரித் தேதியைத் தீர்மானிப்பது நல்ல நாள் பஞ்சாங்கம் பாதி, அவர் ஷிப்ட் ரோஸ்டர் பாதி. காலை 6-லிருந்து 2 ஏ ஷிப்ட், 2-லிருந்து 10 பி, ராத்திரி சி. பி ஷிப்ட் வாரத்தில் அவர் இல்லை. அந்த வாரம் நான் இடது கையில் பேஸும் வலது கையில் மத்ததுமா வாசிப்பேன். கேட்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொல்ல ஆசை. தெரியும்.

இங்கே கேட்கிற கூட்டமும் வேற மாதிரி. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டின குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறந்தாங்க. 18,720 பேர் தங்கலாம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும், வெளி மாநிலங்களும் சேர்ந்த ஊர் இது. ஒரு சீட்டில் திருநெல்வேலி அக்கா பழைய ராஜா பாட்டு எழுதித் தருவாங்க, அடுத்த சீட்டு இந்தியில் இருக்கும். ஒரு ஒடியா பாட்டை அவங்க மொபைலிலிருந்தே கேட்டு மேடைக்குப் பின்னாடி பத்து நிமிஷத்தில் கத்துக்கிட்டு வாசிச்சோம். சுமாராத்தான் வந்தது. ஆனா அன்னிக்கு வந்த விசில் வேற எந்தப் பாட்டுக்கும் வரல.

பழைய குழுக்களைத் தேடிக் கேட்க ஆரம்பிச்சது ஆயுத பூஜைக்கு அப்புறம்தான். நீங்க இசை பக்கமே வராதவரா இருந்தாலும் இந்தக் கதைகள் தெரிஞ்சிருக்கணும்.

பாவலர் பிரதர்ஸ். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காக நடத்திய குழு. எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் கட்சிப் பாட்டைப் பொருத்திப் பாடுவாங்க. 1958-இல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல். அங்கே தமிழ் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் வரதராஜன் பாடிய பாட்டுக்கு அந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டுன்னு சொல்வாங்க. பதின்வயதில் ராஜா அந்தக் குழுவில் சேர்ந்து ஊர் ஊரா சுத்தினார். 1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பும்போது அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு வித்துக் கொடுத்ததை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பு. 'அன்னக்கிளி' வந்தது 1976. அண்ணன் அதைப் பார்க்கல, 1973-லேயே போயிட்டார். நாம சிம்பொனி பத்திப் பேசுறோம், அதுக்கு முன்னாடி மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்ன வருஷங்களைப் பத்தி யாரும் பேசுறதில்லை. டிமாண்டுக்கு ஏத்த மாதிரி உடனே ஸ்கேல் மாத்தி வாசிக்கிற பயிற்சி வேற எங்க கிடைக்கும்?

இலங்கைப் பொப்பிசை. 1960-களின் கடைசியிலும் 70-களிலும் அங்கே நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவங்க தமிழில் பொப் பாடினாங்க. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வந்த பைலா தாளம், ஆறு எட்டில் துள்ளும். மனோகரன் பாடிப் புகழ் பெற்ற 'சுராங்கனி' பாட்டு 1977-இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் வந்தது. எங்க லிஸ்டில் அது எப்பவும் உண்டு. ஆனா நாங்க ரொம்ப நாள் அதை நாலு நாலு தாளத்தில் அடிச்சுக் கொன்னுட்டிருந்தோம். மனோகரன் குரலில் கேட்டதும்தான் தப்பு தெரிஞ்சது. ட்ரம்ஸ் அண்ணன் ஒரு வாரம் அதை மட்டும் வாசிச்சார். சிலோன் மனோகர்னு நம்ம அப்பாக்களுக்குத் தெரிஞ்ச அவர் 2018-இல் சென்னையில் காலமானார்.

ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன்னாடி சென்னையில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ என்று பேண்டுகளில் வாசித்தவர். ரூட்ஸில் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லாம் இருந்தாங்க. அப்பா ஆர்.கே.சேகர் இறந்தபின் அந்தக் குடும்பம் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் ஓடியது. ஸ்டேஜ் வாடகைக்கு கீபோர்டு எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். மலேசியாவின் அல்லிகேட்ஸும் கேளுங்க, பினாங்கில் லோகநாதன், டேவிட் என்ற ஆறுமுகம் சகோதரர்கள் ஆரம்பிச்ச குழு, மலாய் மொழியில் பாடி நாடு முழுக்கப் புகழ் வாங்கினாங்க.

சரி, மாஸ்டர் விஷயத்துக்கு வர்றேன்.

அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் பதினோரு கேசட் இருந்தது. எல்லாம் அவங்க குழுக் கச்சேரி, மைக் செட்காரர் மிக்ஸரிலிருந்து பதிவு பண்ணிக் கொடுத்தது. ஒண்ணு மேல நீல மையில் "ஆடி 1987". அதில் அவர் தங்கச்சி பாடியிருக்காங்க. குழுவில் பெண் குரல் அவங்கதான். ரெண்டு வருஷத்தில் கல்யாணம், அதோட மேடை நின்னுருச்சு. இப்போ வாலாஜாபாத்தில் இருக்காங்க, பேரன் பேத்தி எடுத்தாச்சு. மாஸ்டர் என்னிடம் கேட்டது ஒண்ணுதான்: "இதை போன்ல கேக்குற மாதிரி பண்ணித் தர முடியுமாடா?"

முடியும்னு ஈஸியா சொல்லிட்டேன். நீங்களும் வீட்டில் பழைய கேசட் வச்சிருப்பீங்க, அதனால செய்முறையைச் சொல்றேன். காயலான் கடையில் ஒரு டெக் வாங்கினேன். பெல்ட் உருகிப் போயிருந்தது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேற பெல்ட் கிடைச்சது, கொஞ்சம் அளவு வேற. ஹெட்டை லேபில் வைத்திருக்கிற ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். ஹெட் பக்கத்தில் ஸ்ப்ரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், அதைத்தான் அசிமத் என்பாங்க. கேட்டுக்கிட்டே மெதுவாத் திருப்பணும், எந்த இடத்தில் ஜால்ரா சத்தம் பளிச்னு வருதோ அங்கே நிறுத்தணும். கேசட்டை ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா முன்னும் பின்னும் சுத்தி விடணும், முப்பது வருஷமா ஒட்டிக் கிடந்த டேப் நேரா ப்ளே பண்ணா அறுந்துரும். அப்புறம் ஹெட்போன் அவுட்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கேபிள், ஆடாசிட்டியில் பதிவு. லெவல் சிவப்பைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம், டெக் சரியான வேகத்தில்தான் ஓடுதா? கேசட் ஒரு செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும். எப்படிச் சரி பார்ப்பது? நான் ட்ரிபிள் ஈ இல்லையா, பெருமையா ஒரு ஐடியா செஞ்சேன். பழைய கச்சேரிப் பதிவில் பின்னணியில் ஒரு "ம்ம்ம்" எப்பவும் இருக்கும், எர்த் சரியில்லாத மைக் செட்டின் கரண்ட் ஹம். நம்ம நாட்டு சப்ளை 50 ஹெர்ட்ஸ். (ஹார்மோனியக் கணக்கில் அது அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு கட்டையின் மிகக் கீழ் ஸ்தாயி 49. மேடையில் எர்த் போனால் கரண்ட் எந்தச் சுருதியில் பாடும்னு இப்போ தெரிஞ்சுக்கிட்டீங்க.) பதிவில் ஹம்மை அளந்தால், அது 50 காட்டினால் வேகம் சரி, 51 காட்டினால் ரெண்டு சதவீதம் அதிகம். ஸ்பெக்ட்ரம் எடுத்தேன். 49.9. அடடா, பக்கா. எம்பி3 ஆக்கி மாஸ்டருக்கு அனுப்பிட்டேன், அவர் தங்கச்சிக்கு அனுப்பினார்.

மறுநாள் அந்த அம்மாவே மாஸ்டர் போனில் என்னோட பேசினாங்க. நன்றி சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன்.

"தம்பி, இது என் குரல் இல்லப்பா."

"அம்மா, கேசட்ல உங்க பேர் சொல்லித்தான் அனவுன்ஸ் பண்றாங்க."

"அது தெரியும். யாரோ சின்னப் பொண்ணு பாடுற மாதிரி இருக்கு. நான் அஞ்சு கட்டை. அஞ்சரைக்குப் போனதே இல்ல. இது அஞ்சுக்கும் மேல நிக்குது, அஞ்சரைக்கும் வரல. உன் மெஷின் ஓடுது."

முப்பது வருஷத்துக்கு மேலா பாடாதவங்க, போன் ஸ்பீக்கரில் கேட்டுட்டுச் சொல்றாங்க. என்கிட்ட ஸ்பெக்ட்ரம் இருக்கு. மனசுக்குள்ள நான் ஸ்பெக்ட்ரம் பக்கம்தான் நின்னேன், ஒத்துக்கிறேன். வயசானா குரல் கனமாகும், பழைய குரல் மெலிசாத்தான் தோணும்னு மாஸ்டரிடம் விளக்கம் வேற கொடுத்தேன்.

அவர் ஒண்ணும் பேசாம பரண்ல இருந்து அக்கார்டியனை இறக்கினார். துருத்தியில் ஓட்டை, பாதி சாவி ஊமை. ஆனா நடுவில் ஒரு 'ஏ' ஒலிச்சது. அந்த வாத்தியத்தில் சத்தம் கொடுப்பது எஃகு நாக்குகள். கிட்டார் கம்பி மாதிரி ஒவ்வொரு நாளும் தளராது, பல வருஷம் ஆனாலும் பெரிசா மாறாது. அந்தக் கேசட்டில் வாசிச்சதும் இதே அக்கார்டியன். போன் ட்யூனரில் அளந்தேன்: 441. கேசட்டில் அவர் அதே சாவியை இழுத்துப் பிடிக்கிற இடம் ஒண்ணைக் கண்டுபிடிச்சு அளந்தேன்: 454.

454-ஐ 441-ஆல் வகுத்தால் 1.0295. கிட்டத்தட்ட 3 சதவீதம் வேகம். ஒரு சாவி தூரம் 6 சதவீதம், அது அரைக் கட்டை. 3 சதவீதம்னா கால் கட்டை. அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் சரியா நடுவில்.

அப்போ 49.9 எப்படி வந்தது? இதை எங்க பவர் சிஸ்டம்ஸ் சாரிடம் கேட்டேன், அவர் சிரிச்சுட்டார். "50 ஹெர்ட்ஸுங்கிறது இப்ப உள்ள ஒழுங்குப்பா. அந்தக் காலத்துல சதர்ன் கிரிட் தனியா இருந்தது, மின் பற்றாக்குறை, லோடு ஏற ஏற ஜெனரேட்டர் வேகம் குறையும், சாயங்காலத்துல ஃப்ரீக்வென்சி 49-க்குக் கீழ இறங்கி நிக்கும்." தென் மண்டல கிரிட் நாட்டின் மற்ற கிரிட்களோடு சிங்க் ஆனது 2013 டிசம்பர் 31-இல்தான். கணக்கைத் திருப்பிப் போட்டேன். 49.9-ஐ 1.0295-ஆல் வகுத்தால் 48.5. அந்த ஆடி ராத்திரி எங்க ஊர் கரண்ட் 48.5-இல் ஓடியிருக்கு. என் டெக் 3 சதவீதம் வேகமா ஓடி அதை 50 ஆக்கிக் காட்டியிருக்கு. ரெண்டு தப்பு சேர்ந்து எனக்கு ஒரு சரியான விடையைக் கொடுத்து ஏமாத்திருச்சு.

ஆடாசிட்டியில் வேகத்தை 2.9 சதவீதம் குறைச்சு மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை போன் வரல. நாலு நாள் கழிச்சு மாஸ்டர் சொன்னார், அந்த அம்மா மருமகளையும் பேத்தியையும் உட்கார வச்சு முழுக் கச்சேரியையும் போட்டுக் காட்டினாங்களாம். பாடுவாங்கன்னே வீட்டில் யாருக்கும் தெரியாதாம். ஹிஸ் சத்தத்தை எடுத்து க்ளீன் பண்ணித் தரட்டுமான்னு கேட்டேன். நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா குரல் தகரத்தில் விழுந்த மாதிரி ஆகுது, கூட்டத்தின் சத்தமும் போயிருது. "வேணாம், கூட்டம் இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க.

அந்தக் கேசட்டிலிருந்து ரெண்டு பாட்டை எடுத்து எங்க ஆறு பேருக்கும் பிரிச்சோம். ட்ராக் இல்லை, ஆட்டோ ரிதம் இல்லை. அதில் நாலு வயலின் வாசிக்கிறதை நான் ஒரு கையில் வாசிக்கணும், அக்கார்டியன் வரியை இன்னொரு கையில். முதல்ல ரெண்டையும் ஒரே மாதிரி கார்டாப் பிடிச்சேன், ஜெல்லி மாதிரி இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "துருத்தி மூச்சு விடும்டா, நீயும் விடு"ன்னு கையைத் தூக்க வச்சார். சொற்றொடர் முடியுற இடத்தில் விரலை எடுத்து, வால்யூம் பெடலை மெதுவா ஏத்தி இறக்கினா ஓரளவு வருது. தும்பாவை மட்டும் பேடில் அடிக்க வேணாம்னு வாடகைக்கு எடுத்தோம். சென்ற ஆடியில் ஒரு அம்மன் கோயிலில் வாசிச்சோம். பத்து மணிக்கு முடிச்சாகணும், 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, போலீஸ் அண்ணன் ஒன்பதே முக்காலுக்கே கைக்கடிகாரத்தைக் காட்டுவார். அதனால அந்த ரெண்டு பாட்டையும் எட்டரைக்கே போட்டோம். வாலாஜாபாத்திலிருந்து அந்த அம்மா வந்திருந்தாங்க. எவ்வளவு கூப்பிட்டும் மேடை ஏறல. எங்க பாடகி பாடி முடிச்சதும் பின்னாடி வந்து, "ரெண்டாவது சரணத்துல மூச்சு இடம் மாறுது"ன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க.

மீதி பத்து கேசட் இன்னும் டின்னில் இருக்கு. மூணு முடிச்சிருக்கேன்.

இதை எழுதக் காரணம் ஒண்ணு உண்டு. கேம்பஸில் எனக்கு இங்கேயே ஒரு பிளான்ட்டில் வேலை கிடைச்சிருக்கு. வீட்டில் லோன் இருக்கு, போகத்தான் போறேன். ஜூலையில் ஜாயினிங், ரொட்டேஷன் ஷிப்ட். பேஸ் அண்ணன் பி ஷிப்டும் என் பி ஷிப்டும் ஒரே வாரத்தில் வந்தா குழுவில் சுருதி வாத்தியம் கிட்டார் ஒண்ணுதான். ட்ராக்குக்கு மாறிரலாம்னு குழுவில் ஒருத்தர் சொல்ல ஆரம்பிச்சாச்சு. அதனால என் பி ஷிப்ட் வாரங்களுக்கு ஒரு கீபோர்டு ஆள் வேணும். ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் யாராவது இருந்தா வாங்க. கிரேடு எக்ஸாம் பாஸ் பண்ணியிருக்கணும்னு இல்லை, ஒரு கையில் மெலடி வாசிச்சா போதும், மத்ததை மாஸ்டர் பாத்துக்குவார். ஒரு கச்சேரிக்கு எனக்குக் கிடைக்கிறது 1,500, சாப்பாடு தனி, சில சமயம் கல்யாண வீட்டில் தேங்காய்ப் பை.

ஞாயிறு சாயங்காலம் ரிகர்சல், ஒரகடத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி. என்கிட்ட கேன்டீனில் கேட்டா வழி சொல்றேன். சொந்தமா ஒரு ஜாக் கேபிள் கொண்டு வாங்க, எங்களுடையது ரெண்டுமே கரகரங்குது. கீபோர்டு ஆன் பண்ணதும் ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கான்னு முதல்ல பாருங்க.